மூடியின் மேல் தண்ணீர் ஊற்றுவீர்களா?

அந்த வேலை போனதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். வருத்தம் உண்டு. ஏசி உண்டு, கம்பெனி பஸ் உண்டு, சாயங்காலம் ஏலக்காய் போட்ட டீ உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், கல்யாணமாகி வீட்டோடு கிடந்த பிறகு நானே தேடி, நானே பேசி, நானே வாங்கிய முதல் வேலை அது. கழுத்தில் என் படம் போட்ட அட்டை தொங்கும். பஸ்ஸில் இறங்கிய பிறகும் அதைக் கழற்றாமல் வேண்டுமென்றே மளிகைக் கடை வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஆனாலும் என்னை மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்து அதே போனைக் கொடுத்தால், அன்று சொன்னதைத்தான் திரும்பவும் சொல்வேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.

ஒரு பாத்திரக் கம்பெனிக்கு வருகிற புகார்களைக் கேட்பதுதான் வேலை. பெங்களூர் ஹெப்பகோடியில் எங்கள் வாடகை வீட்டிலிருந்து ஓசூர் ரோட்டைப் பிடித்து, மெட்ரோ தூண்களை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதில் ஒரு மாடி முழுக்க நாங்கள். ஜன்னல் ஓரம் இந்தி வரிசை, அடுத்தது கன்னடம், அதற்கடுத்து தெலுங்கு. தமிழ் வரிசை கழிவறைக்குப் பக்கத்தில்.

சேர்ந்த முதல் நாளே என் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள். என் பெயர் நீளம். அப்பா எங்கள் ஊர் அம்மன் பெயரோடு தன் ஆசையையும் சேர்த்து வைத்தது. அது வாடிக்கையாளர் வாய்க்கு வராது என்று சொல்லி, பல்பொடிக்கு வைக்கிற மாதிரி ஒரு குட்டிப் பெயரைக் கொடுத்து, போனில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்றார்கள். தமிழ் பேசுகிறவர்கள் வாய்க்குத் தமிழ்ப் பெயர் வராது என்று கண்டுபிடித்த புண்ணியவான் யாரோ. எங்கள் வரிசையில் யாருக்குமே சொந்தப் பெயர் கிடையாது. அடுத்தவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பது மாதிரி கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அந்தக் கம்பெனியின் பெருமையே அதன் மூடிதான். இரண்டு கண்ணாடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, சுற்றிலும் ஸ்டீல் வளையம் போட்டு இறுக்கியிருப்பார்கள். மேல் கண்ணாடி கையைச் சுடாது, திறக்காமலே உள்ளே வேகிறதைப் பார்க்கலாம் என்று விளம்பரம். தாம்பாளம் மாதிரி நடுவில் குழிந்திருக்கும். பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் சில மாதம் போனதும் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் ஆவி புகுந்துகொள்ளும். மேலே துடைத்தாலும் போகாது, கீழே துடைத்தாலும் போகாது. அந்த ஆவி குளிர்ந்து முத்து முத்தாக நிற்கும். வெளியே போக வழியில்லாமல் பழுப்பேறும். பிறகு ஒரு நாள் வளையத்தின் இடுக்கு வழியாகப் பொரியலிலோ குழம்பிலோ சொட்டும். அப்போதுதான் எங்களுக்குப் போன் வரும்.

போன் வந்ததும் என்ன பேச வேண்டும் என்பது திரையில் வந்துவிடும். முதலில் ஒரு உபதேசம். சமைக்கும்போது மூடியில் ஆவி படிவது இயற்கை, உலர்ந்த துணியால் துடைக்கவும். அதைக் கேட்டதும், துடைக்கிற இடத்தில் இருந்தால் உங்களுக்கு ஏன் போன் போடுகிறோம் என்று அந்தப் பக்கத்தில் நியாயமாகக் கேட்பார்கள். உடனே அடுத்த கேள்வி வரும். மூடியின் மேல் தண்ணீர் ஊற்றுவீர்களா?

ஆரணியிலிருந்து அம்பாசமுத்திரம் வரைக்கும் இதற்கு ஒரே பதில்தான். ஊற்றுவோம். அதையும் லேசாகச் சொல்ல மாட்டார்கள், இதைக்கூடக் கேட்பார்களா என்கிற தோரணையில் விளக்கத்தோடு சொல்வார்கள். கோஸ் பொரியலோ பீன்ஸோ வாழைக்காயோ, தாளித்துப் போட்டு உள்ளே தண்ணீர் விடாமல் தட்டால் மூடி, அந்தத் தட்டின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை ஊற்றி வைப்பது எங்கள் வழக்கம். மேலே குளிர்ச்சி இருப்பதால் உள்ளே எழும்பும் ஆவி தட்டில் பட்டுத் தண்ணீராகிக் காயின் மேலேயே விழும். காய் தன் ஈரத்திலேயே வேகும், அடிப்பிடிக்காது, நிறம் மாறாது. இன்னும் வேக வேண்டும் என்றால் தட்டின் மேல் சூடாகி நிற்கிற அதே தண்ணீரைக் கொஞ்சம் உள்ளே தெளித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. குழியாக ஒரு மூடியைப் பார்த்தால் தமிழ்நாட்டுப் பெண்ணின் கை தானாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும்.

சொல்லிவிட்டு, பரீட்சையில் சரியான விடையைச் சொன்ன பிள்ளை மாதிரி காத்திருப்பார்கள். நாங்கள் திரையில் 'தவறான பயன்பாடு' என்கிற பொத்தானை அழுத்த வேண்டும். அதோடு வாரண்டி போயிற்று. அவர்கள் பெருமையாகச் சொன்ன சமையல் நுணுக்கமே அவர்கள் செய்த குற்றமாகிவிடும். பயிற்சிக் காலத்தில் மற்றவர்கள் பேசுவதை ஹெட்செட்டில் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குப் பொறுக்கவில்லை. ஊற்றாமலிருக்க வேண்டுமென்றால் மூடியை எதற்குக் குழியாகச் செய்தீர்கள் என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். அது டிசைன் என்றார்.

எங்கள் டீம் லீட் ஒரு அக்கா. பிறந்து வளர்ந்தது ஆடுகோடி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கலந்து பேசுவார். கெட்டவர் இல்லை. யாராவது போனில் திட்டு வாங்கி அழுதால், பக்கத்தில் வந்து நின்று தன் டப்பாவிலிருந்து எள்ளுருண்டை எடுத்துக் கொடுப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். தப்பு எங்களுடையது என்று மட்டும் போனில் யாரும் சொல்லக் கூடாது. எல்லாப் பேச்சும் ரெக்கார்ட் ஆகிறது, அதை வைத்து ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனால் கம்பெனி பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பார். வருந்துகிறோம் என்று சொல்லலாம், புரிந்துகொள்கிறோம் என்று சொல்லலாம், கோளாறு என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை என்பதால் இதை என்னிடம் கூடுதலாகவே சொன்னார்.

புதியவர்களுக்கு முதலில் கைப்பிடி, திருகாணிப் புகார்கள்தான் தருவார்கள். மூடிப் புகார் என் பக்கம் வருவதற்கு முன்னால் என் வீட்டிலேயே வந்துவிட்டது. ஸ்டாஃப் விலையில் கிடைக்கிறதே என்று ஒரு பாத்திரம் வாங்கியிருந்தேன். வேலை பார்க்கிற இடத்தின் விதி தெரியுமே, அதனால் அந்த மூடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கை போகும், அடக்கிக்கொள்வேன். பொரியல் இரண்டு தடவை அடிப்பிடித்தது, அப்போதும் ஊற்றவில்லை. குழந்தையைத் துடைக்கிற மாதிரித் துடைத்து, துணியில் சுற்றி வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் பருப்பை வைத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. துடைத்தேன், போகவில்லை. திருப்பித் துடைத்தேன், அப்போதும் போகவில்லை. எனக்குக் கோபத்தைவிட முதலில் பயம்தான் வந்தது. நாம் என்ன செய்துவிட்டோம் என்று என் கையைத்தான் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. கம்பெனியின் உள்விவகாரம் தெரிந்த எனக்கே இப்படியென்றால், போன் செய்கிற பெண்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கிறவர். எந்தப் பொருள் கெட்டாலும் வெயிலில் வைத்தால் சரியாகும் என்பது அவர் சித்தாந்தம். மூடியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் காயப்போட்டார். சாயங்காலம் தெளிவாக வந்தது. அடுப்பில் வைத்ததும் மறுபடி ஆவி மூடிக்கொண்டது. பெங்களூர் மேகத்தைப் பிடித்து மூடிக்குள் அடைத்துவிட்டார்கள் என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இதை ஆபீசுக்குக் கொண்டுபோகப் போகிறேன் என்றேன். வேலையைப் பார், மூடியைப் பார்க்காதே என்றார். என் வேலையே மூடியைப் பார்ப்பதுதான் என்றேன்.

கொண்டுபோனேன். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கன்னட வரிசையில் இருந்த ஒரு தோழியிடம் காட்டினேன். இது எங்களுக்கும் தினமும் வருகிறதே என்றாள். உங்கள் ஆட்களும் மூடியில் தண்ணீர் ஊற்றுகிறார்களா என்று கேட்டேன். அவள் திரையில் அப்படி ஒரு கேள்வியே இல்லையாம். அவர்களிடம், ராகி முத்தே, அதாவது நம் கேழ்வரகுக் களி, கிண்டிவிட்டுக் கோலைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டுவீர்களா என்று கேட்க வேண்டுமாம். முத்தே கிண்டுகிற யார்தான் தட்ட மாட்டார்கள்? தட்டினால் விளிம்பு நெளிந்து மூடி கெட்டதாகக் கணக்கு. இந்தி வரிசையில் விசாரித்தோம். அவர்களிடம் ரொட்டி சுடுகிற பெரிய தீயில் பாத்திரத்தை வைப்பீர்களா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு ஊர்ப் பெண்ணும் எதைக் கேட்டால் ஆமாம் என்பாளோ அதைத் தேடிப் பிடித்துக் கேள்வியாக வைத்திருந்தார்கள். நானும் அவளும் தட்டில் இருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் கம்பெனி போனில் சொல்லாமல் சொன்னது அதைத்தான். ஆனால் இங்கே மேடை நிஜமாகவே கோணலாக இருந்தது.

மூடியை எடுத்துக்கொண்டு நேராக டீம் லீட் அக்காவிடம் போனேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தன் வீட்டு மூடியும் இப்படித்தான் ஆயிற்று, பரண்மேல் போட்டுவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னார். அப்படியானால் நாம் ஏன் இதைச் சொல்லவில்லை என்றேன்.

"சும்னே ஏன்மா தலைய குடுக்கற? மொதல்ல ப்ரொபேஷன் முடியட்டும். ஆமேலே பேசிக்கலாம்" என்றார். சும்மா என்பதும் அப்புறம் என்பதும் அவர் வாயில் கன்னடமாகத்தான் வரும்.

இருந்தாலும் என் நச்சரிப்புத் தாங்காமல் குவாலிட்டிப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனார். அவர் மூடியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்றார். ஒரு சொட்டு ஊற்றவில்லை என்றேன். அப்படியானால் கழுவும்போது தண்ணீரில் முக்கியிருப்பீர்கள் என்றார். பாத்திரத்தைத் தண்ணீர் இல்லாமல் எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். அவர் புன்னகை செய்து, உங்கள் ஆர்வத்தைப் பாராட்டுகிறேன் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் வெட்கப்படுவார்கள் என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை. மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கட்டும் என்று அது அங்கேயே இருந்தது.

அதற்கு அப்புறம்தான் அந்தப் பெண்ணின் போன் வந்தது. எனக்கு வந்த முதல் மூடிப் புகார் அதுதான். ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். குரல் சின்னது, ஆனால் தெளிவாகப் பேசினாள். புதுவீட்டில் பால் காய்ச்சியபோது அவளுடைய அம்மா வாங்கிக் கொடுத்த பாத்திரமாம். நாத்தனார் வீட்டார் விருந்துக்கு வந்த அன்று குருமாவில் பழுப்பாக ஏதோ சொட்டியிருக்கிறது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியார், அம்மா வாங்கிக் கொடுத்த ஒரு மூடியைக்கூட வைத்துக் காப்பாற்றத் துப்பில்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். தண்ணீர் குடிக்க வருகிற பக்கத்து வீட்டுக்காரியிடமும் அந்த மூடியை எடுத்துக் காட்டுகிறாராம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மருமகள் உடைக்கவும் இல்லை.

உபதேசத்தை நான் படிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வியை நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் சொல்லிவிட்டாள். மூடியின் மேல் தண்ணீர் ஊற்றித்தான் பொரியல் செய்வேன், எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம் என்றாள். புது மூடி அனுப்பச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

"மூடி வேணாங்க. மூடி இல்லன்னா தட்டப் போட்டு மூடிக்கிறேன். நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. பண்ணலன்னா, பண்ணலன்னு சொல்லுங்க. அது போதும்."

திரையில் அந்தப் பொத்தான் நின்றது. அழுத்தினால் அவள் பேருக்கு நேரே தவறான பயன்பாடு என்று கம்பெனியே முத்திரை குத்திவிடும். குறுஞ்செய்தியாக அது அவளுக்கும் போகும். மாமியார் அதையும் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காட்டுவார். என் விரல் போகவில்லை. விசாரித்துவிட்டு நானே திரும்பக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முடிக்காத புகார் சுவரில் இருக்கும் பெரிய திரையில் சிவப்பாக நிற்கும், அதை எடுத்தவரின் பெயரோடு. அந்தக் குட்டிப் பெயர் அங்கே சிவப்பாக நின்றுகொண்டே இருந்தது. டீம் லீட் அக்கா தினமும் வந்து கேட்டார். முதலில் தன்மையாக, அப்புறம் சலிப்பாக. தண்ணீர் ஊற்றினேன் என்று அவளே சொல்லிவிட்டாளே, ஒரு பொத்தானை அழுத்த உனக்கு என்ன வந்தது என்றார். என் மூடியில் யார் ஊற்றியது அக்கா என்று பக்கத்தில் இருந்ததைக் காட்டினேன். உங்கள் பரண்மேல் இருப்பதில் யார் ஊற்றியது என்றும் கேட்டேன். அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். என் வீட்டுக்காரருக்கு நான் வேலைக்குப் போவதில் சந்தோஷம், அதைத் தன் வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். போனில் பேசுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டவர்கள் முன்னால் நான் திரும்பி வந்து உட்கார வேண்டாமே என்பது அவர் கவலை. எனக்கும் அதே கவலைதான். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் பழியில்தான் என் நாற்காலி நிற்க வேண்டுமென்றால், அதில் எப்படி உட்காருவது? இதை அவரிடம் சொன்னேன். அவர், அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய் என்று மட்டும் கேட்டார்.

பதிலை மேலிடமே தயார் செய்து அனுப்பியது. சிவப்பு அவர்கள் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். நல்லெண்ண அடிப்படையில் அவளுக்குப் புது மூடி தரலாம், ஆனால் தவறாகப் பயன்படுத்தியதை ஒப்புக்கொள்கிறேன் என்று அவள் வாயால் ரெக்கார்டிங்கில் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வைப்பது என் வேலை. டீம் லீட் அக்கா இதை ஒரு பெரிய வெற்றி மாதிரி வந்து சொன்னார். அவளுக்கு மூடியும் கிடைக்கிறது, எனக்கு வேலையும் நிற்கிறது, சிவப்பும் போகிறது. இதைவிட என்ன வேண்டும் என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே நிம்மதி இருந்தது. எனக்காக மேலே போய்ச் சண்டை போட்டு வாங்கி வந்திருக்கிறார் என்பது புரிந்தது. அதனாலேயே எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கூப்பிட்டேன். அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் போனோடு தன் ஹெட்செட்டையும் இணைத்துக்கொண்டார். புதியவர்கள் பேசும்போது அப்படிக் கேட்பது வழக்கம்தான். அவர் கைக்குப் பக்கத்தில் இணைப்பைத் துண்டிக்கிற பொத்தான் இருந்தது.

அந்தப் பெண் முதல் மணியிலேயே எடுத்தாள். குட்டிப் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன். புது மூடி அனுப்பச் சம்மதித்திருக்கிறார்கள் என்றேன். அதற்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறார்கள் என்று இழுத்தேன். என்ன வார்த்தை என்றாள். திரையில் இருந்த வாக்கியத்தைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், சொல்லு சொல்லு என்று.

அந்தப் பெண் முந்திக்கொண்டாள். மூடி வந்தால் எங்கள் மாமியார் என்ன சொல்வார் தெரியுமா, நீ கெடுத்ததற்குக் கம்பெனிக்காரன் பாவம் பார்த்துக் கொடுத்தான் என்பார் என்றாள். அழவில்லை. மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெரிய கட்டடம், இத்தனை கம்ப்யூட்டர், இத்தனை படித்தவர்கள், எல்லாரும் சேர்ந்து ஒரு சமையலறையில் நிற்கிற பெண்ணிடம் நீதான் தப்பு என்று ஒப்புக்கொள் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறோம். அதற்கு அவள் ஊர்ச் சமையலையே சாட்சிக்கு இழுக்கிறோம்.

"தப்பு உங்க மேல இல்லைங்க. தண்ணி ஊத்துனதால ஒண்ணும் ஆகல. என் வீட்டு மூடியில நான் ஒரு சொட்டு ஊத்தல, அதுவும் இப்படித்தான் ஆச்சு. கோளாறு மூடியிலதான்" என்றேன்.

அக்காவின் கை பொத்தானுக்குப் போனது. நான் அவர் கையைப் பார்க்கவில்லை, எனக்கு முன்னால் சாய்ந்திருந்த என் மூடியைப் பார்த்தேன். அதில் ஆவி காய்ந்து ஒரு பழுப்புக் கோடு மட்டும் நின்றது. இணைப்பு அறுந்த சத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், இப்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். அத்த இங்கதான் இருக்காங்க. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

ஒரு தடவை சொன்னதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டுச் சமாளிக்கலாம். அக்காவே அப்படிச் சொல்லி என்னைக் காப்பாற்றியிருப்பார். இரண்டாம் தடவைக்குச் சமாளிப்பு கிடையாது. அக்கா என்னைப் பார்த்தார். தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார், மேசைமேல் வைத்தார், என் நாற்காலியின் முதுகை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டு எழுந்து டீ எடுக்கப் போனார்.

சொன்னேன். பக்கத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். உங்கள் மருமகள் மேல் எந்தத் தப்பும் இல்லை, மூடி செய்ததிலேயே கோளாறு, தண்ணீர் ஊற்றிச் சமைத்தது சரியான சமையல்தான், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றேன். கன்னட வரிசையில் என் தோழி தன் போனை மறந்து திரும்பிப் பார்த்தாள்.

மாமியாரின் குரல் கனமாக வந்தது. போனில் எவள் எவளோ பேசுவாள், எதை நம்புவது என்பது மாதிரி ஒரு குரல்.

"இத்த யாரு சொல்றது? உன் பேரு இன்னா?"

திரையில் என் குட்டிப் பெயர் தயாராக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. என் அப்பா வைத்த பெயரை, அம்மனோடும் அவர் ஆசையோடும் முழுசாக, என் ஊரையும் முன்னால் சேர்த்துச் சொன்னேன். அந்த மாடியில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் அந்த அம்மா என் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்துகூடத் தவறவில்லை.

"சரிம்மா" என்றார். "அப்ப மூடியிலதான் கோளாறு."